நிழல் மறையும் வரை
(உரைநடை)

நுழையும் முன்

பத்து வயதுச் சிறுவனுக்குப் பதினாறு வயது மாணவி ஆசிரியராக இயலுமா? கோடைக்கால அறிவியல் முகாம்களில் உயர்வகுப்பு மாணவர்கள் பயிற்சி வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். கற்கும் பருவத்திலேயே கற்பிக்கவும் முற்படும் அவர்களுக்கு நேரும் இடர்ப்பாடு ஒன்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது. பாடத்தில் வரும் முகாமும் மாணவியும் கற்பனை. ஊரும் வரலாறும் வானத்துக் கணக்கும் உண்மை.

பாடம்

மைசூரின் பழைய குடியிருப்புப் பகுதிகள் மொஹல்லா என்னும் பெயரால் வழங்குகின்றன. லஷ்கர் மொஹல்லா, மண்டி மொஹல்லா, நஜர்பாத் மொஹல்லா என நீளும் அவ்வரிசையில் தேவராஜ மொஹல்லா நகரின் நடுவிடமாக அமைந்தது. அங்குள்ள தேவராஜ அங்காடியில் மல்லிகை மொட்டுகளும் வெற்றிலைக் கட்டுகளும் நஞ்சன்கூட்டு ரசவாழைத் தார்களும் குவிந்து கிடக்கும். செந்நிறம், மஞ்சள், நீலம் எனப் பல வண்ணப் பொடிகளைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் குங்குமக் கடைகளைக் காண்பதற்கென்றே வெளிநாட்டினர் வருவர். அங்காடிக்கு அருகில் நிற்பது டஃபரின் மணிக்கூண்டு. ஊர்மக்கள் அதனைச் ‘சிக்க கடியார’, அதாவது சின்னக் கடிகாரம், என்று செல்லமாக அழைப்பர். சற்றுத் தொலைவில், அரண்மனைப் பக்கம், ‘தொட்ட கடியார’ என்னும் பெரிய மணிக்கூண்டு நிற்கிறது. அதன் முகப்பில் மணியைக் குறிக்கும் எண்கள் கன்னட எண்களாகவே பொறிக்கப்பட்டுள்ளன.

ஏப்ரல் திங்களின் நடுவில் கருநாடக மாநிலப் பள்ளிகள் கோடை விடுமுறைக்காக மூடப்பட்டிருக்கும். (மத்தியப் பள்ளி மாணவர்கள் மே திங்கள் வரை பொறுத்திருத்தல் வேண்டும்!) அப்போது மைசூரில் சிறுவர் முகாம்களின் பருவம் தொடங்குகிறது. ரங்காயண நாடக நிறுவனத்தில் ‘சின்னர மேளா’ நடைபெறும். மிருகக்காட்சி சாலையில் விலங்குகளைப் பற்றிய முகாம் நடைபெறும். காரஞ்சி ஏரிக்கரையில் 1995ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மண்டல இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் சிறுவர்களை அழைத்துக்கொள்ளும். இவை தவிர, தெருவுக்குத் தெரு பள்ளி முற்றங்களிலும் சிறு சிறு அறிவியல் முகாம்கள் கூடுகின்றன.

அத்தகைய முகாம் ஒன்றைத் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய பள்ளியின் முற்றத்தில் அமைத்துப் பார்ப்போம். எட்டு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் முப்பது பேர். முகாமை நடத்துபவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. அவருக்குத் துணையாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த மாணவி ஒருத்தி வந்திருக்கிறாள். அவளுடைய பணியின் பெயர் பயிற்சி வழிகாட்டி. சிறுவர்களுக்கோ அவள் வெறும் ‘அக்கா’. தமிழ் பேசும் பிள்ளைகளும் கன்னடம் பேசும் பிள்ளைகளும் அவளை அழைக்க வேறு வேறு சொல் தேட வேண்டியதில்லை. இரு மொழியிலும் அக்கா அக்காதான்.

மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என ஒருவன் இருந்தான். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பலர். ஆகவே வயதிலும் படிப்பிலும் மூத்த மாணவன் ஆசிரியருக்குத் துணை நின்றான். அவன் உரக்கச் சொல்ல, சிறுவர்கள் பின்தொடர்ந்து சொல்வர். மணலில் விரலால் எழுதிப் பழகும் குழந்தையின் கையைப் பிடித்து எழுத்தைச் சுழிக்கக் கற்றுக்கொடுப்பவனும் அவனே. வராத பிள்ளையை வீட்டிலிருந்து இழுத்து வருபவனும் பெரும்பாலும் அவனே!

இம்முறை கடல் கடந்த வரலாறு சுவையானது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை ஒருநாள் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். பள்ளியின் ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. எனவே, பள்ளிச் சிறுவன் ஒருவனையே எழுத்து வகுப்புக்குப் பொறுப்பாளன் ஆக்கினார். அச்சிறுவன் வெற்றி பெற்றான். பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் சிறுவர்களே பயிற்றுநர் ஆயினர். பெல் தம் பட்டறிவை 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் பிறந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூஸில் அவரது பொருளுதவியால் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது. சென்னையின் பெயரைத் தாங்கிய பள்ளி ஒன்று ஸ்காட்லாந்தில் இருப்பதற்குக் காரணம், மணலில் எழுதிய நம் ஊர்ப் பிள்ளைகள்.

ஆயினும் சட்டாம்பிள்ளை முறைக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்தையும் வாய்பாட்டையும் சொல்லச் சொல்லித் திரும்பச் சொல்ல வைக்கலாம். அறிவியலை அவ்வாறு கற்பிக்க இயலாது. ‘மஞ்சள் சிவப்பாகும்’ என்று முப்பது பேர் ஒரே குரலில் ஒலிப்பது மனப்பாடம் மட்டுமே. மஞ்சள் சிவப்பாவதைக் கண்டு திடுக்கிட்டு ‘ஏன்?’ என்று ஒரு குழந்தை கேட்கும்போதே அறிவியல் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை உணர்ந்து மூத்த மாணவர்களைப் பழக்கும் முயற்சிகளும் நம் நாட்டில் உள்ளன. 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அகஸ்தியா நிறுவனம், ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்கள் கூடும் குப்பம் என்னும் ஊருக்கு அருகில் பெரியதோர் அறிவியல் வளாகத்தை நடத்திவருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே பிற மாணவர்களுக்குச் செய்முறைகளை விளக்கச் செய்கிறது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் இதழை 1987ஆம் ஆண்டு முதல் வெளியிடுகிறது. ஊர்தோறும் துளிர் இல்லங்களையும் வளர்த்தது. நாற்காலி சுமக்கவும் தேநீர் வாங்கி வரவும் மட்டுமே உயர்வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டும் முகாம்களும் இல்லாமல் இல்லை. அவற்றைப் பற்றி இங்குப் பேச வேண்டியதில்லை.

தேவராஜ மொஹல்லாவின் அக்காவிடம் திரும்புவோம். முதல் நாள் அவளுக்கு இடப்பட்ட பணிகள் எளியனவாகவே தோன்றின. காலையில் தலைகளை எண்ண வேண்டும். இடைவேளை முடிந்ததும் மீண்டும் எண்ண வேண்டும். ஒவ்வொருவரும் தண்ணீர் குடித்தனரா என்று பார்க்க வேண்டும். குழந்தையோடு பேசும்போது நின்றுகொண்டு பேசாமல், தரையில் அமர்ந்து அதன் கண்மட்டத்தில் பேச வேண்டும். ஏதேனும் அடிபட்டால் தானே மருத்துவம் பார்க்க முனையாமல் உடனே பெரியவரை அழைக்க வேண்டும். கடைசியாக ஆசிரியை ஒன்று சொன்னார்: “குழந்தையின் கையிலுள்ள பொருளை வாங்கி நீ செய்து காட்டாதே. அது தடுமாறட்டும்.” இது எல்லாவற்றினும் எளிது என்று மாணவி எண்ணினாள்.

இரண்டாம் நாள் மஞ்சள் தாள் சோதனை நடந்தது. மஞ்சள் பொடியைக் கரைத்து அதில் வடிதாளைத் தோய்த்து உலர்த்தி வைத்திருந்தனர். சோப்பு நீரைத் துளியாக விட்டால் அது செம்பழுப்பாக மாறும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். முதல் துளி விழுந்ததும் சிறுமி ஒருத்தி வியந்து, “அக்கா! குங்குமம் ஆகிவிட்டதே!” என்றாள்.

பொன்னான வினா அது. மரபு முறையில் குங்குமம் செய்வோர் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தே அச்செந்நிறத்தை வருவிப்பர். (இக்காலத்தில் கடைகளில் கிடைப்பவற்றுள் பலவும் வெறும் சாயப்பொடியே.) அக்குழந்தை இன்னும் இரண்டு துளிகளைக் கொண்டு தானே அந்த இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கும். அதற்குள் மாணவி முந்திக்கொண்டாள். சோப்பு காரத்தன்மை உடையது, மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், சுண்ணாம்பும் ஒரு காரம், ஆகவே குங்குமமும் அவ்வாறே என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பத்தாம் வகுப்புப் பாடம் அவளுக்கு அவ்வளவு தெளிவாக நினைவில் இருந்தது. குழந்தைகள் தலையாட்டினர். எஞ்சிய தாள்களை எவரும் தொடவில்லை.

மறுநாள் காலை ஆசிரியை, “மஞ்சள் ஏன் சிவந்தது?” என்று கேட்டார். முப்பது பேரும் மாணவி சொன்ன தொடரை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தனர். பின்னர் அவர் சலவைச் சோடாக் கரைசல் ஒரு கிண்ணத்திலும் மோர் மற்றொரு கிண்ணத்திலும் வைத்து, “இவற்றுள் எது மஞ்சளைச் சிவப்பாக்கும்?” என்று வினவினார். முற்றம் அமைதியாயிற்று. ஒரு சிறுவன் மெதுவாக, “அக்காவைக் கேளுங்கள்” என்றான்.

ஆசிரியை அவளைக் கடியவில்லை. மாலையில் இருவரும் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, “விடை உன் வாயில் இருந்தது, அதனால் அவர்கள் கையில் வேலை இல்லாமல் போயிற்று” என்று மட்டும் சொன்னார்.

சுண்ணாம்பைப் பற்றியும் அன்று ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வெற்றிலைக் கடையில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும் சுண்ணாம்பைச் சோதனைக்கு வாங்கியிருந்தனர். குழந்தைகள் விளையாட்டாக அழுத்தும்போது அப்பொட்டலம் வெடித்துக் கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகக்கூடும். ஆகவே சுண்ணாம்பு ஆசிரியையின் கையைவிட்டு நீங்காது. தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், கசக்காமல், இமையைத் திறந்து பிடித்துத் தூய நீரை நெடுநேரம் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை அருகில்தான் உள்ளது. எனினும் நீர் ஊற்றுவதற்குப் பிறகே ஆட்டோ தேட வேண்டும். இங்கு மட்டும் குழந்தை தானே கண்டறியட்டும் என்று விட்டுவிட இடமில்லை. எதைச் சொல்லாமல் பொறுத்திருப்பது, எதை உடனே சொல்லித் தடுப்பது என்று பிரித்தறிவதே பயிற்சி வழிகாட்டியின் பாடத்தில் பாதி.

ஏப்ரல் 22, 23 ஆகிய நாள்களை ஒட்டி மைசூரில் நிழலில்லா நாள் வருகிறது. மகர ரேகைக்கும் கடக ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். மைசூர் வடக்கு அட்சரேகை 12.3 பாகையில் உள்ளது. கதிரவன் வடக்கு நோக்கிப் பயணம் செய்து அப்பாகையை எட்டும் நாள் ஏப்ரலில் வரும். தெற்கே திரும்பி வரும் வழியில் மீண்டும் ஆகஸ்டு 20ஐ ஒட்டி வரும். தில்லிக்கு இந்தப் பேறு இல்லை. அங்குக் கதிரவன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை.

முகாமில் அந்த நாளுக்காக முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை அறுத்து வைத்திருந்தனர். மூவருக்கு ஒரு குழாய். முற்றத்தின் நடுவிலிருந்த கல்மேடையில் தாள்களை விரித்துக் குழாய்களை நிறுத்தினர். கதிரவனை நேராகப் பார்க்கலாகாது, நிழலை மட்டுமே பார்க்க வேண்டும் என்று மாணவி இருமுறை எச்சரித்தாள். மேடையில் இடம் போதவில்லை. தாமதமாக வந்த மூவர் தம் குழாயை முற்றத்தின் ஓரத்தில், நீர் வடியும் வாய்க்காலை ஒட்டிய தரையில் நிறுத்திக்கொண்டனர்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. நிழல் மறையவில்லை. ஒவ்வொரு குழாயின் மேற்குப் பக்கத்திலும் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளத்திற்கு அது கறுப்பாகப் படுத்துக் கிடந்தது.

“நெரளு இன்னும் இருக்கிறது, அக்கா!” என்றது ஒரு குரல். நிழல் என்று தமிழில் சொல்வதையே கன்னடத்தில் நெரளு என்பர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. “நண்பகலில் மறையும் என்றீர்களே, பொய்யா?” என்றது மற்றொரு குரல்.

மாணவியின் முகம் சிவந்தது. காரணம் அவளுக்குத் தெரியும். முந்தைய நாள் மாலை ஆசிரியையோடு அமர்ந்து கணக்கிட்டிருந்தாள். சொல்லிவிட்டால் ஒரு நொடியில் பொய்யர் என்னும் பழி நீங்கிவிடும். மஞ்சள் தாள் நினைவுக்கு வந்தது. “பொய்யா, மெய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை எதிரில் இருந்த ஆசிரியை மட்டும் அறிந்தார்.

சிறிது நேரம் குழப்பம். பிறகு ஒரு சிறுமி நிழலின் நுனியில் பென்சிலால் புள்ளி வைத்தாள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒரு புள்ளி. நிழல் குறைகிறது என்று கண்டதும் எல்லாத் தாள்களிலும் புள்ளிகள் பெருகின. பன்னிரண்டே காலுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட எஞ்சவில்லை. 12 மணி 22 நிமிட அளவில் மேடையிலிருந்த குழாய்களின் நிழல் அடியோடு மறைந்தது. கூச்சல் தெருவரை கேட்டது.

“அப்படியானால் கடிகாரம்தான் தவறு!” என்றான் ஒருவன். கடிகாரத்தின்மேலும் தவறில்லை. இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அக்கோடு உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூருக்கு அருகில் செல்கிறது. மைசூரோ 76.6 பாகையில், அக்கோட்டிற்கு ஏறத்தாழ ஆறு பாகை மேற்கே உள்ளது. புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். ஆகவே மிர்சாபூரில் நண்பகலைக் கடந்த கதிரவன் மைசூரின் உச்சிக்கு வர ஏறத்தாழ இருபத்துமூன்று நிமிடம் செல்கிறது. ஆண்டு முழுவதும் கதிரவனின் நண்பகல் ஒரே சீராக வருவதில்லை. ஏப்ரல் இறுதியில் அது ஓரிரு நிமிடம் முந்தும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் 12.22 கிடைக்கும். இப்பொது நேரம் நடைமுறைக்கு வந்தது 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில். தெருமுனையில் நிற்கும் சிக்க கடியார 1886ஆம் ஆண்டில் எழுந்தது. அதாவது, அந்த மணிக்கூண்டு இந்திய நேரத்தைக் காட்டிலும் இருபது ஆண்டு மூத்தது! இக்கணக்கை அன்று பிற்பகல் குழந்தைகளே போட்டனர். மாணவி வரைபடத்தை மட்டும் விரித்து வைத்தாள்.

ஆனால் அன்றைய உண்மையான சோதனை வாய்க்கால் ஓரத்தில் நடந்தது.

மேடையில் கூச்சல் எழுந்த வேளையில், ஓரத்துக் குழாயின் நிழல் மறையவில்லை. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அது பிடிவாதமாக நின்றது. அக்குழுவின் மற்ற இருவரும் மேடையைப் பார்க்க ஓடிவிட்டனர். தனித்து நின்ற ஒன்பது வயதுச் சிறுவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நான்காக மடித்தான். குழாயின் ஒரு பக்கத்து அடியில் அதனை மெல்லச் செருகினான். குழாய் இம்மியளவு சாய்ந்தது, நிழல் மறைந்தது. பிறகு அவனும் “மறைந்துவிட்டது!” என்று கூவினான்.

மாணவி அதனைக் கண்டாள். அவளுக்குள் சினம் மூண்டது. சற்று முன்னர்தான் பொய்யா என்று கேட்டார்கள். இப்போது கண்ணெதிரே ஒருவன் பொய் செய்கிறான்! முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டுச் சோதனையை அதற்கேற்ப வளைப்பது அறிவியலில் மன்னிக்க இயலாத குற்றம் என்று பாடநூல்கள் கூறுகின்றன; அது உண்மையும்கூட. எல்லாரையும் கூப்பிட்டு அக்காகிதத்தை உருவிக் காட்டியிருக்கலாம். சட்டாம்பிள்ளையாக இருந்திருந்தால் அதையே செய்திருப்பான். அச்சிறுவன் மறுநாள் முகாமுக்கு வந்திருப்பானா என்பது ஐயமே.

அவள் அவனருகில் சென்று தரையில் அமர்ந்தாள். குரலைத் தாழ்த்தி, “தம்பி, காகிதம் எதற்கு?” என்றாள்.

அவன் கண்கள் கலங்கின. “எல்லாருடையதும் மறைந்துவிட்டது, அக்கா. என்னுடையது மட்டும் மறையவில்லை.”

“ஏன் மறையவில்லை?”

“தெரியவில்லை.”

“எனக்கும் தெரியவில்லை” என்றாள் அவள். இம்முறை அது உண்மை. மஞ்சளின் விடையும் கடிகாரத்தின் விடையும் அவளிடம் இருந்தன. இந்த ஒரு சென்டிமீட்டர் நிழலின் விடை இல்லை. இருவரும் குழாயை உற்றுப் பார்த்தனர். ஆசிரியையிடம் சென்று கொத்தனார்கள் சுவர் எடுக்கப் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி வந்தனர். குழாயின் பக்கத்தில் அதனைத் தொங்கவிட்டனர். நூலும் குழாயும் மேலிருந்து கீழ்வரை ஒன்றையொன்று ஒட்டி இணையாக நின்றன. சிறுவன் காகிதத்தை உருவினான். குழாய் நூலைவிட்டு விலகிற்று. மீண்டும் செருகினான், மீண்டும் இணைந்தது.

அப்போதுதான் மாணவியின் பார்வை தரையின்மேல் சென்றது. மழைநீர் வடிவதற்காக முற்றத்தின் ஓரம் வாய்க்காலை நோக்கிச் சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. சரிந்த தரையில் நிறுத்திய குழாயும் சரிந்தே நின்றிருக்கிறது; கண்ணுக்குத் தெரியாத இரண்டு பாகைச் சாய்வுதான். சாய்ந்த குழாய்க்கு உச்சிவேளையிலும் நிழல் உண்டு. நிழலை ஒழிக்கும் பொருட்டுச் சிறுவன் செருகிய காகிதம் குழாயை நேராக்கிவிட்டது. அவன் பொய் செய்வதாக எண்ணிக்கொண்டு மெய்யைச் செய்திருக்கிறான். கதிரவனின் ஒளியையே தூக்குநூலாகக் கொண்டு ஒரு தரையின் சரிவைக் கண்டுபிடித்திருக்கிறான்.

அந்நேரத்திற்குள் மேடைக் குழாய்களின் கிழக்குப் பக்கத்தில் புதிய நிழல் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராக வாய்க்கால் ஓரத்தில் கூடினர். என்ன நடந்தது என்று சொல்லும் பொறுப்பை மாணவி சிறுவனிடமே விட்டாள். காகிதத்தை ஒளித்து வைத்ததையும் சேர்த்துச் சொல்வதா, விடுவதா என்று அவன் ஒரு கணம் தயங்கியது அவளுக்குத் தெரிந்தது. அவன் சொன்னான். எவரும் சிரிக்கவில்லை. ‘மேடையில் உள்ள குழாய்களும் நேராகத்தான் நின்றனவா?’ என்று ஒரு சிறுமி கேட்டதால், எல்லாரும் தூக்குக்குண்டுக்காக முண்டியடித்தனர்.

ஒவ்வொரு நாளும் மாலையில் பயிற்சி வழிகாட்டி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது முகாமின் விதி. மற்ற நாள்களில் அரைப்பக்கம் நிரப்புவதற்கே திண்டாடியவள், அன்று மூன்று பக்கம் எழுதினாள். குழாயின் நீளம், நிழலின் நீளம், மணி, தரையின் சரிவு எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரியில், “இன்று ஏறத்தாழ ஒருவனைத் திருடன் என்று அழைத்திருப்பேன்” என்றிருந்தது. ஆசிரியை அதனைப் படித்துவிட்டு, ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லின் அடியில் ஒரு கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முகாம் முடியும் நாளில் சிறுவர்கள் தம் தாள்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். வாய்க்கால் ஓரத்துச் சிறுவன் தன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆகஸ்டு 20 என்று எழுதிக்கொண்டான். அதற்குக் கீழே, “மழை வந்தால்?” என்றும் எழுதினான்.

தெரிந்துகொள்வோம்

நிழலில்லா நாள் ஊருக்கு ஊர் மாறும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும், மதுரையில் ஏப்ரல் 16ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் வரும். தெற்கிலிருந்து வடக்கே செல்லச் செல்ல நாள் தள்ளிப்போவதைக் காண்க.

அருஞ்சொற்பொருள்

இடர்ப்பாடு – துன்பம், சிக்கல்
சட்டாம்பிள்ளை – திண்ணைப் பள்ளியில் ஆசிரியருக்குத் துணை நின்ற மூத்த மாணவன்
பட்டறிவு – அனுபவம்
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
தூக்குக்குண்டு – செங்குத்தைச் சரிபார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் எடை
இம்மியளவு – மிகச் சிறிதளவு
கடிதல் – கண்டித்தல்

பயிற்சி

1. ‘மதராஸ் முறை’ என்பது யாது? அது எவ்வாறு தோன்றியது?
2. “விடை உன் வாயில் இருந்தது, அதனால் அவர்கள் கையில் வேலை இல்லாமல் போயிற்று.” – இதனைக் கூறியவர் யார்? எச்சூழலில் கூறினார்?
3. மைசூரில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் மறையாததன் காரணத்தை விளக்குக.
4. ஆசிரியை ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லின் அடியில் கோடிட்டது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
5. சுண்ணாம்பைப் பொறுத்தவரை மாணவி பின்பற்ற வேண்டிய நெறி, மஞ்சள் தாளைப் பொறுத்தவரை பின்பற்ற வேண்டிய நெறியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
6. பிரித்து எழுதுக: கண்ணெதிரே, முன்கூட்டியே, தூக்குக்குண்டு.
7. நீர் வாழும் ஊரில் வழங்கும் மொழியிலிருந்து, தமிழ்ச் சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்த ஐந்து சொற்களைத் திரட்டுக. (எ-டு: நிழல் – நெரளு)

செயல்பாடு

ஒரு முழ நீளக் குச்சியைத் தூக்குநூல் கொண்டு செங்குத்தாக நடுக. காலை 11.45 முதல் பிற்பகல் 12.45 வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்க. நிழல் மிகக் குறுகிய நேரம் எது? அதனைக் கொண்டு உம் ஊர் 82.5 பாகைக்குக் கிழக்கே உள்ளதா, மேற்கே உள்ளதா என்று கூறுக. கதிரவனை நேராகப் பார்த்தல் கூடாது.